அமெரிசியமா, எக்ஸ்ரே குழாயா, இந்தூருக்கே போவதா?

வானத்திலிருந்து வரும் எக்ஸ் கதிரின் மின்புலம் எந்தத் திசையில் அதிர்கிறது என்று அளக்க எங்கள் ஆய்வக மேசையில் ஒரு கருவி இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய டிபன் கேரியர் மாதிரி இருக்கும். நடுவில் விரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் தண்டு, எக்ஸ் கதிர் பட்டால் மினுக்கென்று ஒளிவிடும் சின்டிலேட்டர் வகை. அதைச் சுற்றி வட்டமாக எட்டு சீசியம் அயோடைடு படிகங்கள். புதுச்சேரியில் எங்கள் கல்லூரி மாணவர்கள் பார்த்துப் பார்த்துக் கட்டியது. ஹைதராபாத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் பலூன் தளத்திலிருந்து, வேறு ஏதாவது பெரிய கருவியின் ஓரத்தில் தொற்றிக்கொண்டாவது இது ஒருநாள் மேலே போக வேண்டும் என்பது எங்கள் ஆசை. அங்கே போய்க் கேட்பதற்கு முன் எங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்: இந்தக் கருவி காட்டும் எண்ணை எதை வைத்து நம்புவது?

அந்தப் பதிலுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. எதை முதலில் செய்வது, எதற்குப் பணத்தையும் நாளையும் செலவழிப்பது என்று சில வாரங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இதே மாதிரி கருவி கட்டும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று எங்கள் கணக்குகளை எழுதி வைக்கிறேன்.

முதலில் கருவி செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ் கதிரின் மின்புலம் ஒரே திசையில் அதிர்ந்தால் அதைத் தளவிளைவு அடைந்த கதிர் என்கிறோம். அப்படிப்பட்ட ஃபோட்டான் ஓர் எலக்ட்ரானில் மோதிச் சிதறும்போது, மின்புலம் அதிரும் திசையில் போவது குறைவு, அதற்குச் செங்குத்தான திசையில் போவது அதிகம். நடுத் தண்டில் சிதறிய ஃபோட்டான் சுற்றியுள்ள எட்டில் எந்தப் படிகத்தில் போய் விழுகிறது என்று எண்ணிக்கொண்டே வந்தால், ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு மேடும் இரண்டு பள்ளமுமாக ஒரு வளைவு கிடைக்கும். மேட்டின் உயரம் எவ்வளவு தளவிளைவு என்பதைச் சொல்லும். மேடு இருக்கும் திசை, மின்புலம் எந்தப் பக்கம் அதிர்ந்தது என்பதைச் சொல்லும்.

ஆனால் முழுக்க முழுக்கத் தளவிளைவு அடைந்த கதிரை விட்டாலும் வளைவு நூற்றுக்கு நூறு ஏறி இறங்காது. எங்கள் வடிவத்துக்கு, துகள்களின் போக்கைக் கணினியில் போலச் செய்து பார்க்கும் ஜியான்ட்4 மென்பொருளின் கணிப்பு ஏறக்குறைய 40 சதவீதம் என்கிறது. மெய்யான கருவியில் அது எவ்வளவு என்று அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். அது ஒன்று. இன்னொன்று, தளவிளைவே இல்லாத கதிரை விட்டால் வளைவு தட்டையாக வருகிறதா என்பது.

இந்த இரண்டாவதைத்தான் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். கடலூர் முதுநகரில் மீன் வாங்கப் போனால் நாம் முதலில் பார்ப்பது படிக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்பதை இல்லை, வெறும் தராசில் முள் நடுவில் நிற்கிறதா என்பதைத்தான். நண்டு நெபுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் கதிர் வானத்தில் இந்த வேலைக்கு வசதியான பிரகாசமான பொருள் அது. ஸ்வீடனில் இருந்து 2016 ஜூலையில் பறந்த போகோ பிளஸ் பலூன் கருவி அதில் அளந்த தளவிளைவு 20.9 சதவீதம், பிழை 5 சதவீதம். எங்கள் கருவியின் விகிதம் 40 என்றால், அந்த 20 சதவீதம் எங்கள் வளைவில் வெறும் 8 சதவீத ஏற்ற இறக்கமாகத்தான் தெரியும். கருவியின் கோணல் தானாகவே 2 சதவீதம் ஏற்ற இறக்கம் காட்டினால், விடையில் 5 சதவீதத் தவறு வந்து உட்கார்ந்துவிடும். போகோ பிளஸ் ஒரு வாரம் பறந்து சொன்ன மொத்தப் பிழையும் அவ்வளவுதான். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் பூஜ்யத்தை, அதாவது தளவிளைவு இல்லாத கதிருக்குக் கருவி காட்டும் அளவை, ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தெரிந்துகொள்ள அது உதவுகிறதா என்பதே என் முதல் கேள்வி.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி கதிரியக்க மூலம். அமெரிசியம் 241 என்ற கதிரியக்க ஐசோடோப்பு 59.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஃபோட்டான்களை விடுகிறது. அதன் அரை ஆயுட்காலம் சுமார் 432 ஆண்டு என்பதால், இன்று அளந்த எண்ணிக்கையை அடுத்த தை மாதம் ஒப்பிட்டுப் பார்க்கும்போது மூலம் தளர்ந்துவிட்டதா என்ற கவலையே வேண்டாம். மூலத்திலிருந்து நேராக வரும் கதிருக்குத் தளவிளைவு கிடையாது. அதுவே எங்கள் பூஜ்யம். அதே மூலத்தின் முன்னால் ஒரு பாலிஎத்திலீன் துண்டை வைத்து, 90 டிகிரியில் சிதறி வரும் கதிரை மட்டும் ஓர் ஈயத் துளை வழியாக எடுத்தால், அது ஏறக்குறைய முழுத் தளவிளைவோடு வரும். ஆற்றல் 53.3 ஆகக் குறையும், தளவிளைவு கணக்குப்படி 99 சதவீதம். போகோ பிளஸ் குழுவும் இதே மூலத்தை வைத்துத்தான் தங்கள் கருவியை அளந்தது.

உண்மையில் இது நூற்றாண்டு பழைய யோசனை. எக்ஸ் கதிருக்குத் தளவிளைவு உண்டு என்பதை 1906-ல் சார்லஸ் பார்க்லா காட்டியது இப்படித்தான். ஒரு கார்பன் துண்டில் சிதறிய கதிரை இன்னொரு கார்பன் துண்டில் மறுபடி சிதறவிட்டு, எந்தப் பக்கம் அதிகம் போகிறது என்று பார்த்தார். எங்கள் மேசையில் பாலிஎத்திலீன் முதல் துண்டு, கருவியின் நடுத் தண்டு இரண்டாம் துண்டு. இதை மாணவர்களிடம் சொன்ன அன்றைக்கு அவர்கள் முகத்தில் வந்த வெளிச்சத்துக்காகவே இந்த வழி எனக்குப் பிடிக்கும்.

இங்கே துளையின் அளவில் ஒரு பேரம் இருக்கிறது. துளையைப் பெரிதாக்கினால் எண்ணிக்கை கூடும், ஆனால் 90 டிகிரியிலிருந்து விலகிய கதிரும் உள்ளே வரும். 10 டிகிரி விலகினால் தளவிளைவு 93 சதவீதத்துக்கு இறங்குகிறது, 20 டிகிரி விலகினால் 80-க்கும் கீழே. எத்தனை டிகிரி விரிவை அனுமதிக்கிறோம் என்பதை அளந்து, கணிப்பில் அதையே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கருவியின் குறையா, கதிரின் குறையா என்று பிரிக்க முடியாது.

எண்ணிக்கையைப் பார்ப்போம். 10 மில்லிகியூரி (மில்லிகியூரி என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மூலம், துண்டு 10 சென்டிமீட்டர் தூரத்தில், அங்கிருந்து 20 சென்டிமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் துளை என்று வைத்து நாங்கள் போட்ட கணக்கில், கருவியில் பயனுள்ள நிகழ்வு நொடிக்கு ஒன்று, ஒன்றரைதான் வருகிறது. கேட்டதும் சப்பென்று இருக்கும். ஆனால் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடவிட்டால் ஒரு லட்சம் நிகழ்வு சேர்ந்துவிடும். ஒரு லட்சத்தில் ஏற்ற இறக்கத்தின் பிழை அரை சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. 40 என்ற விகிதத்தை நூற்றில் ஒரு பங்கு துல்லியத்துக்கு அறிய அது போதும். மூலம் ஒரு மில்லிகியூரிதான் கிடைத்தது என்றால் அதே வேலைக்குப் பத்து நாள்.

"சார், புகை அலாரத்துக்குள்ளேயும் அமெரிசியம் இருக்குதே" என்று ஒரு மாணவி கேட்டாள். இருக்கிறது, ஆனால் ஒரு மைக்ரோகியூரி அளவுக்குத்தான். அதை வைத்து இந்த ஒரு நாள் வேலையைச் செய்ய 27 வருடம் ஆகும். தவிர, அதைப் பிரிப்பது ஆபத்து, சட்டத்துக்கும் புறம்பு. உள்ளே போனால் அமெரிசியத்தின் ஆல்ஃபா துகள் செய்யும் கேடு பெரியது. எந்த மாணவரும் அதைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இந்த வழியின் பெரிய சுமை அனுமதிதான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, அதற்கென்று ஒரு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், எல்லோருக்கும் உடலில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ், பூட்டிய பெட்டகம், பதிவேடு. இவை எல்லாம் வேண்டியவைதான், நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஊருக்கென்று ஒரு கூடுதல் கவலையும் உண்டு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியதை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் வந்தபோது தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகள் எத்தனை! எக்ஸ்ரே குழாய் என்றால் சுவிட்சை அணைத்ததும் கதிர் நின்றுவிடும். கதிரியக்க மூலத்துக்கு சுவிட்ச் இல்லை. ஆகவே பெட்டகம் மாடியில் இருக்க வேண்டும் என்பதை விண்ணப்பத்தில் முதல் வரியாகவே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது வழி அந்த எக்ஸ்ரே குழாய். எண்ணிக்கைக்குப் பஞ்சமே இருக்காது. இதிலும் 90 டிகிரி சிதறல் செய்து தளவிளைவு கொண்ட கதிரை எடுக்கலாம். ஆனால் குழாயிலிருந்து வருவது ஒரே ஆற்றல் இல்லை, கலவை. எந்த ஆற்றலில் கருவி எப்படி நடந்துகொள்கிறது என்று பிரிக்க வேண்டுமானால் சீசியம் அயோடைடு படிகத்தின் ஆற்றல் பிரிதிறன் அவ்வளவு கூர்மையில்லை. குழாயின் மின்னோட்டம் அலைபாய்ந்தால் அந்த அலைச்சல் கருவியின் ஏற்ற இறக்கம் போலத் தோன்றும். இதை விடப் பெரிய சிக்கல், குழாயின் நேர்க்கதிரைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது. வேகமாக வரும் எலக்ட்ரான்கள் உலோகத்தில் மோதி நிற்கும்போது பிறக்கும் கதிருக்கே ஓரளவு தளவிளைவு உண்டு, உச்ச ஆற்றல் முனையில் அது அதிகம். இதையும் கண்டவர் பார்க்லாவேதான், 1905-ல். ஆக, குழாய் நல்ல படிக்கல், ஆனால் முள்ளை நடுவில் நிறுத்தித் தராது.

குழாயோடு படிகத்தைச் சேர்த்து 45 டிகிரியில் பிராக் எதிரொளிப்பு, அதாவது படிகத்தின் அணு அடுக்குகளில் பட்டுக் குறிப்பிட்ட ஆற்றல் மட்டும் திரும்பும்படி, செய்தால் சுத்தமான தளவிளைவு கிடைக்குமே என்று ஒருவர் கேட்கலாம். செயற்கைக்கோள் கருவிகளுக்கு அது அருமையான வழி. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட, எக்ஸ் கதிரின் தளவிளைவை அளக்கும் ஐக்ஸ்பீ செயற்கைக்கோளின் உணர்கருவிகளை இத்தாலியில் அப்படித்தான் அளந்தார்கள். ஆனால் அது 2 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை பார்க்கும் கருவி. கிராஃபைட் படிகம் 45 டிகிரியில் தருவது 2.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட். பலூன் 40 கிலோமீட்டர் உயரத்துக்கே போனாலும் தலைக்கு மேல் மிச்சமிருக்கும் காற்று 20-க்குக் கீழே உள்ளதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். நமக்கு வேண்டியது அதற்கு மேலே. அங்கே படிகத்தின் உயர் வரிசை எதிரொளிப்பில் கிடைக்கும் கதிர் மிகவும் சொற்பம். செயற்கைக்கோள்காரர்கள் செய்தார்கள் என்று நாமும் செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது வழி சின்க்ரோட்ரான். நம் நாட்டில் என்றால் இந்தூரில் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் உள்ள இண்டஸ்-2. 250 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் எலக்ட்ரான்கள் வட்டமடிக்கும் இயந்திரம். அந்த வட்டத்தின் தளத்திலேயே வெளிவரும் கதிர் ஏறக்குறைய முழுவதும் கிடைத்தளத்தில் தளவிளைவு அடைந்திருக்கும். ஒரே ஆற்றலைப் பொறுக்கி எடுக்கலாம், வேண்டும்போது மாற்றலாம். ஊசி முனை போன்ற கற்றையை நடுத் தண்டின் எந்த இடத்தில் வேண்டுமானாலும் விழவைக்கலாம். உலகின் நல்ல குழுக்கள் இதை நாடியதில் வியப்பில்லை. இதே வகை பலூன் கருவி கட்டிய அமெரிக்காவின் எக்ஸ் காலிபர் குழு கார்னெல் பல்கலைக்கழகத்தின் சின்க்ரோட்ரானுக்குப் போனது. அதன் அடுத்த கருவியான எக்ஸ்எல் காலிபரின் கண்ணாடியை ஜப்பானின் ஸ்பிரிங்-8-ல் அளந்தார்கள்.

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் அதை முதலில் வைக்க மாட்டேன், அதற்குக் காரணங்கள் உண்டு. கற்றை மிகவும் பிரகாசம் என்பதால் அலுமினியத் தகடுகளை வைத்துப் பெருமளவு குறைத்தால்தான் எங்கள் மின்னணுப் பலகை தாங்கும், இல்லையேல் இரண்டு துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மேலும், ஊசிக் கற்றை விண்வெளிக் கதிர் போல இல்லை. கருவியின் முழு வாயும் நனையும்படி வருவதுதான் வானத்துக் கதிர். ஒரு புள்ளியில் அளந்ததை வைத்து முழு வாய்க்கும் சொல்ல, கற்றையை நூறு இடத்தில் நகர்த்தி நகர்த்திக் கூட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் மேலாக, அங்கே போவது ஒரு தடவைதான் நடக்கும். முன்மொழிவு எழுதி, நேரம் ஒதுக்கக் காத்திருந்து, கிடைத்த சில நாட்களில் முடிக்க வேண்டும். கருவியைக் கழற்றி, பெட்டியில் அடைத்து, ஒரு நாளுக்கு மேல் ரயிலில் கொண்டுபோய், அங்கே பூட்டி அளந்து, மறுபடி கழற்றி ஊருக்குக் கொண்டுவந்து பூட்டினால், அது இந்தூரில் அளந்த அதே கருவி என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஒரு படிகம் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கலாம். ஓர் இணைப்பில் பசை விட்டிருக்கலாம்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். முதன்முதலில், பயிற்சிக்கென்று வைத்திருந்த ஒரு சிறிய மூலத்தை நேராக வைத்துப் பூஜ்யம் பார்த்தபோது வளைவு தட்டையாக வரவில்லை. ஒரு பக்கம் மேடு, எதிர்ப்பக்கம் பள்ளம். இரண்டு மேடு வந்தால் தளவிளைவு போலத் தோன்றி ஏமாற்றியிருக்கும். ஒரே மேடு என்பதால் மூலம் அச்சிலிருந்து விலகியிருக்கிறது என்று பிடிபட்டது. கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி வந்து மேலிருந்து கீழே அச்சைச் சரிபார்த்தோம். மேடு அடங்கியது. மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு படிகங்களின் எண்ணிக்கை தளர்ந்திருந்தது, அது வேறு கதை. மழைக்கால ஈரத்தில் ஓர் இணைப்பு பூத்துப்போயிருந்தது. இப்படி ஒவ்வொரு கோளாறாகத் தேட வாரக்கணக்கில் கருவியோடு உட்கார வேண்டும். அடுத்தவர் கற்றையின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அது முடியாது.

அமெரிசியத்திலும் ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. அது தருவது ஒரே ஓர் ஆற்றல். 53 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் எங்கள் தண்டில் 90 டிகிரி சிதறும்போது விட்டுச்செல்வது சுமார் 5 கிலோ எலக்ட்ரான் வோல்ட். பிளாஸ்டிக் அதை ஒளியாக்கித் தருவதே சில ஃபோட்டான்கள்தான், ஆனாலும் பிடித்துவிடலாம். 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் விட்டுச்செல்வதோ 1.7 மட்டுமே. தண்டு அதை உணர்கிறதா, பாதியைத் தவறவிடுகிறதா என்பது அமெரிசியத்தால் தெரியாது. பலூன் காணும் கதிரில் இந்த 30-ஐ ஒட்டிய பகுதியில்தான் எண்ணிக்கை அதிகம். இங்கேதான் குழாய் கைகொடுக்கிறது. குழாயின் மின்னழுத்தத்தைக் குறைத்து, சிதறவிட்டு, 25-லிருந்து 40 வரை ஒரு தோராயச் சோதனை செய்துகொள்ளலாம். கடைசியில், பறக்கப்போகும் வடிவம் முடிவாகி இனி கழற்ற மாட்டோம் என்ற நிலை வந்தபின், இண்டஸ்-2-ல் இரண்டு மூன்று ஆற்றல்களில் ஒரு சரிபார்ப்பு. அப்போது போனால் அங்கே என்ன வர வேண்டும் என்று எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். வேறுபட்டால் அந்த வேறுபாட்டுக்கு அர்த்தம் இருக்கும்.

நான்காவது வழி, பேசாமல் மேலே போய் நண்டு நெபுலாவைப் பார்த்தே அளந்துகொள்வது. கேட்க நன்றாக இருக்கும். ரோகிணி இருக்கும் ரிஷபத்தின் ஒரு கொம்பு நுனியை ஒட்டி இருப்பதால் மார்கழி, தை இரவுகளில் நம் ஊர்க் கடற்கரையில் நின்றால் உச்சிக்குப் பக்கத்திலேயே அதன் இடத்தைக் காட்டலாம். ஹைதராபாத்தில் உச்சியிலிருந்து ஐந்து டிகிரிக்குள்ளேயே கடக்கிறது. காற்றின் தடிமன் குறைவு, பார்வைக்கு வசதி. ஆனால் அதன் தளவிளைவு எவ்வளவு என்பதே நாம் அளக்கப் போகும் பொருள். 1970-களில் ஓஎஸ்ஓ-8 செயற்கைக்கோள் 2.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் 19 சதவீதம், கோணம் 156 டிகிரி என்றது. போகோ பிளஸ் 20 முதல் 160 வரையிலான ஆற்றலில் ஏறக்குறைய அதே சதவீதத்தைச் சொன்னாலும் கோணம் 131 என்றது. ஆற்றல் கூடக் கூட நெபுலாவின் உள்பகுதியிலிருந்து வரும் கதிர் மேலோங்குவதால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதும் இல்லை. கோணமே இவ்வளவு மாறும் பொருளைப் படிக்கல்லாக வைத்து எடை போட முடியாது. பறக்கும்போது ஒரு சரிபார்ப்பாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஊரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது லெ ஜான்டிலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1761 ஜூன் 6-ல் வெள்ளி சூரியனைக் கடந்ததை அந்தப் பிரெஞ்சு வானியலாளர் பார்த்தார், ஆனால் கடலில், ஆடும் கப்பலில் இருந்து. புதுச்சேரி அப்போது ஆங்கிலேயர் கையில் போய்விட்டதால் இறங்க முடியவில்லை. தொலைநோக்கி நல்லது, வானம் தெளிவு, ஆனாலும் நேரத்தையும் இடத்தையும் துல்லியமாக நிலைநிறுத்த வழியில்லாததால் அந்த அளவீடு பயன்படாமல் போனது. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு காத்திருந்து, இதே புதுச்சேரியில் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மறைத்துவிட்டது. மேகத்தை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கப்பலில் நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. கருவி பார்த்தது, பார்த்ததை எண்ணாக நம்ப ஆதாரம் இல்லை.

அதனால் எங்கள் வரிசை இப்படி: அமெரிசியம் மேசை முதலில், குழாய் இரண்டாவது, இண்டஸ்-2 கடைசியில் ஒரே ஒரு பயணம். ஜியான்ட்4 கணிப்பு மூன்றிலும் கூடவே வரும், தனி வழியாக அதை நான் எண்ணவில்லை. நாம் கொடுத்த அளவுகளைத்தான் அது திருப்பிச் சொல்லும், நகர்ந்துபோன படிகத்தை அதற்குத் தெரியாது. அளவீடுகளை எல்லாம் கருவியைச் சுழற்றிக்கொண்டேதான் எடுக்கப் போகிறோம். ஒவ்வொரு படிகமும் எல்லாக் கோணத்துக்கும் வந்துபோவதால் ஒன்றின் சோம்பல் எல்லாத் திசைக்கும் சமமாகப் பகிரப்படும். தளவிளைவு கொண்ட கதிரில் 90 டிகிரி வித்தியாசத்தில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் கூட்டினால் தளவிளைவு அடித்துப்போய் இன்னொரு பூஜ்யம் கிடைக்கும். நேர்மூலத்தின் பூஜ்யத்தோடு அது ஒத்துப்போக வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற என் நிபந்தனைக்கு 20 லட்சம் நிகழ்வு வேண்டும். நேர்மூலத்தில் அது ஒரு பொழுதில் சேர்ந்துவிடும்.

அப்புறம் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் உணர்கருவிப் பெட்டியைத் திறக்கவே மாட்டோம். சீசியம் அயோடைடு சோடியம் அயோடைடு அளவுக்கு ஈரம் குடிக்காது என்றாலும் கடற்காற்றில் இணைப்புகள் பூப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டோம். தை பிறந்ததும் ஆரம்பித்தால் பங்குனி வெயிலுக்குள் முதல் சுற்று முடியும். அதுவரை விண்ணப்ப வேலை. ஒரு மில்லிகியூரி கேட்பதா, பத்து கேட்பதா என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் இரண்டு கருத்து இருக்கிறது. பாதுகாப்பு அலுவலராகப் பயிற்சி எடுக்கப்போகும் சக ஆசிரியர் ஒன்றே போதும் என்கிறார், மாணவர்கள் பத்து வேண்டும் என்கிறார்கள். நான் ஒன்றின் பக்கம். பத்து நாள் ஓடினால் பத்து இரவின் வெப்பநிலை மாற்றமும் அந்தத் தரவிலேயே பதிவாகிவிடும். பலூன் கடும் குளிரைக் கடந்து ஏறும்போது சிக்னல் எப்படித் தளரும் என்று யோசிக்க அது முதல் தடயமாகவும் இருக்கும்.